கில்ட் கட்டிக்கொண்டு ஸ்காட்லாந்துக் கல்யாணத்துக்குப் போகலாமா?

கேள்வி சுருக்கமாக இது: வேலை மாறி எடின்பரோ வந்து ஏழு மாதம் ஆகிறது. கூட வேலை செய்பவருக்கு செப்டம்பரில் ஸ்டர்லிங் பக்கத்தில் கல்யாணம். அழைப்பிதழில் ‘ஹைலேண்ட் உடை அல்லது சூட்’ என்று போட்டிருக்கிறது. மாப்பிள்ளையே ‘நீயும் கில்ட்டில் வா’ என்கிறார். கில்ட் என்றால் இங்கே ஆண்கள் இடுப்பில் சுற்றி முழங்கால்வரை கட்டும் கட்டம்போட்ட கம்பளி உடை. போட்டால் அவர்கள் மரபைக் கிண்டல் செய்வதுபோல ஆகிவிடுமா? குலத்துக்கு ஒரு கட்டம் என்கிறார்களே, எந்தக் குலத்தின் கட்டமும் எனக்குச் சொந்தமில்லையே? அப்புறம், உள்ளே என்ன போடுவது? மனைவி என்ன உடுத்துவது?

போடுங்கள். மாப்பிள்ளை வாய்விட்டு அழைத்த பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: எப்படிக் கட்டுவது? யார் கட்டியிருக்கிறார் என்பதை இங்கே பெரிதாக யாரும் பார்ப்பதில்லை. எப்படிக் கட்டியிருக்கிறார் என்பதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. கிளாஸ்கோவுக்குப் படிக்க வந்த முதல் வருடம், அறைத் தோழனின் அண்ணன் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். யாரோ ஒரு கில்ட்டைக் கடனாகக் கொடுத்தார்கள். யாரிடமும் கேட்காமல் நானே கட்டிக்கொண்டேன். வேட்டி கட்டத் தெரிந்தவனுக்கு இது என்ன பிரமாதம் என்ற எண்ணம். கொசுவம் முன்னால்தானே வரும்? அம்மா புடவைக்கும் அப்படித்தான், அப்பா பஞ்சகச்சத்துக்கும் அப்படித்தான். கொசுவத்தை அழகாக முன்பக்கம் வைத்து, தட்டையான பாகத்தைப் பின்னால் விட்டு, பெருமையாகச் சர்ச் வாசலில் போய் நின்றேன். மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர், எழுபது வயது இருக்கும், என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். தோளில் கை போட்டு, கோட் மாட்டும் அறைக்கு அழைத்துப்போனார். கதவைச் சாத்தினார். ‘திரும்பு’ என்றார். கில்ட்டை அவிழ்த்து, அரைச் சுற்று சுற்றி, இரண்டு அங்குலம் மேலே ஏற்றி, பக்கிளை இறுக்கினார். ‘முழங்கால் தெரியணும், தொடை தெரியக் கூடாது’ என்று மட்டும் சொன்னார். நீ எந்த ஊர், உனக்கு ஏன் கில்ட் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வெட்கத்தினாலோ என்னவோ, அடுத்த வருடமே ஒரு கில்ட் வாடகைக் கடையில் சனிக்கிழமை வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு வருடம். அளவெடுப்பது, கட்டிவிடுவது, திரும்பி வந்ததில் கறை பார்ப்பது. கீழே சொல்வதில் பாதி அங்கே கற்றது.

‘அவர்கள் மரபு’ என்று நீங்கள் தயங்குவதால் கொஞ்சம் பழைய கதை. ஆதியில் கில்ட் தைத்த துணியே கிடையாது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹைலேண்ட் எனப்படும் வடமேற்கு மலைநாட்டு ஆண்கள் நாலைந்து கஜம் கம்பளித் துணியை இடுப்பில் கொசுவி, பெல்ட் போட்டு இறுக்கி, மிச்சத்தை முந்தானை மாதிரி தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். மழை வந்தால் அதுவே முக்காடு. இரவில் அதுவே போர்வை. புடவை கட்டும் வீட்டில் பிறந்த நமக்கு இதில் விளக்கவே ஒன்றும் இல்லை. மேல்பாதியை வெட்டிவிட்டு இடுப்புக்குக் கீழ் மட்டும் கட்டும் சின்னக் கில்ட், அதாவது இன்று நாம் பார்ப்பது, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. அதைக் கண்டுபிடித்தவர் தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேயர், மலைநாட்டில் இரும்பு உருக்காலை வைத்திருந்தவர், வேலையாட்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று செய்தார் என ஒரு கதை 1785இல் எடின்பரோ பத்திரிகை ஒன்றில் அச்சேறியது. அதற்கு முன்பே சின்னக் கில்ட் உண்டு என்று சண்டைக்கு வருபவர்களும் இருக்கிறார்கள். கல்யாணத்தில் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். மூன்றாவது விஸ்கிக்குப் பிறகு எடுக்கவே வேண்டாம்.

தாழ்நிலத்துக்காரர்கள், அதாவது எடின்பரோ, கிளாஸ்கோ ஆட்கள், அந்தக் காலத்தில் கில்ட் கட்டியதில்லை. மலைநாட்டானை ஆடு மாடு திருடுபவன் என்றுதான் பேசினார்கள். 1746 ஏப்ரலில் கலோடன் போரில், பதவி இழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்காக மலைநாட்டார் பலர் சேர்ந்து நடத்திய ஜாக்கோபைட் கலகம் நசுக்கப்பட்ட பிறகு லண்டன் அரசு உடைத் தடைச் சட்டம் போட்டது. 1747 ஆகஸ்டிலிருந்து மலைநாட்டில் கில்ட் கட்டினால் முதல் தடவை ஆறு மாதம் சிறை, இரண்டாம் தடவை ஏழு வருடம் நாடுகடத்தல். அரசரின் படையில் சேர்ந்தால் மட்டும் கட்டலாம். 1782இல்தான் தடை நீங்கியது. ஒரு தலைமுறைக்கு மேல் அந்த உடை சிப்பாய்களின் உடம்பில் மட்டும் உயிரோடு இருந்தது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். ஏற்பாடுகளைக் கவனித்தவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். ஊர் முழுக்க டார்டன், அதாவது அந்தக் கட்டம்போட்ட துணி, கட்டச் சொன்னார். மன்னரும் கில்ட் கட்டினார், தோல் நிறத்தில் காலுறை மாட்டிக்கொண்டு. உடைக்கும் அதன் அலங்காரத்துக்கும் வந்த பில் 1,354 பவுண்டு. கில்ட் கட்டிய விருந்தாளிகளிலேயே பிரபலமானவர் அவர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் முன்னாள் மேயர் வில்லியம் கர்ட்டிஸும் கூடவே கட்டிக்கொண்டு வந்தார், மன்னரைவிடப் பெரிய தொந்தி அவருக்கு. கேலிச்சித்திரக்காரர்கள் இருவரையும் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். ஏன் கட்டினார்கள் என்று கேட்டதைவிட, குட்டைக் கில்ட்டையும் பெருத்த உடம்பையும் ரோஸ் காலுறையையும் பார்த்துத்தான் அதிகம் சிரித்தார்கள். அன்றைக்கு எடின்பரோவில் கில்ட்டில் நின்ற தாழ்நிலத்துக் கனவான்களில் பலருக்கும் அதுதான் முதல் தடவை. நாடே அன்று விருந்தாளியாகத்தான் அந்த உடையைக் கட்டியது என்பேன்.

குலத்துக்கு ஒரு கட்டம் என்பதும் நாம் நினைக்கிற அளவுக்குப் பழையதில்லை. 1815இல் லண்டன் ஹைலேண்ட் சங்கம் குலத்தலைவர்களிடம் ‘உங்கள் டார்டனில் ஒரு துண்டு அனுப்புங்கள்’ என்று கேட்டபோது, சில தலைவர்களுக்குத் தங்கள் டார்டன் எது என்றே தெரியவில்லை. ஸ்டர்லிங் பக்கத்தில் பானக்பர்ன் என்ற ஊரில் வில்சன் என்ற நெசவு நிறுவனம் இருந்தது. படைகளுக்குத் துணி நெய்து கொடுத்தது. 1819இல் அவர்களுடைய மாதிரிப் புத்தகத்தில் இருநூறுக்கு மேற்பட்ட கட்டங்கள் இருந்தன. பல கட்டங்கள் முதலில் வெறும் எண்ணோடு விற்று, பிறகு குலப்பெயர் ஒட்டிக்கொண்டவை. காஞ்சிபுரத்துக் கடையில் ஒரு சினிமா வந்ததும் புடவைக்கு அதன் பெயரை வைப்பார்களே, கிட்டத்தட்ட அந்த வியாபாரம்தான். கல்யாணத்துக்குப் போகிற வழியில் பானக்பர்ன் பெயர்ப்பலகையைப் பார்ப்பீர்கள்.

இதையெல்லாம் சொன்னதால் கில்ட் பொய் என்று அர்த்தமில்லை. இருநூறு வருடமாக அப்பா, தாத்தா கல்யாணப் படங்களில் இருக்கிறது, போரில் செத்தவர்களோடு புதைந்திருக்கிறது. அவர்களுக்கு அது உண்மையாகவே பிரியமானது. ஆனால் ரத்தச் சொந்தம் காட்டி நுழையும் கோயில் அல்ல. ஹைலேண்ட் விளையாட்டுகளுக்குப் போனால் தெரியும். கேபர் என்கிற முழு மரத்தண்டைத் தூக்கி எறியும் போட்டியில் அமெரிக்கக்காரரும் போலந்துக்காரரும் கலந்துகொள்வார்கள். கில்ட் கட்டினால்தான் களத்திலேயே இறங்க முடியும். ஆகஸ்டில் கிளாஸ்கோ கிரீன் மைதானத்தில் பேக்பைப் என்ற பை வாத்தியம் வாசிக்கும் பைப் பேண்டுகளின் உலகப் போட்டி நடக்கும். கோலாலம்பூரிலிருந்து ஸ்ரீ தஸ்மேஷ் என்ற சீக்கியக் குழு தலைப்பாகையும் கில்ட்டுமாக வந்து அங்கே வாசித்திருக்கிறது. கிளாஸ்கோ சீக்கிய மாப்பிள்ளைகள் கில்ட்டில் குருத்வாரா போவது இங்கே செய்தியே இல்லை. நிறத்தைப் பற்றிய பயம் உங்கள் கேள்வியின் அடியில் கொஞ்சம் தெரிந்தது, அதனால் சொல்கிறேன். பொல்லாத வாய் உள்ள ஒரு குடிகாரன் எந்த ஊரிலும் இருப்பான். நீங்கள் சூட்டில் போனாலும் அவன் இருப்பான்.

சரி, எந்த டார்டன்? எந்தக் குலத்தின் டார்டனையும் யாரும் கட்டலாம், தடுக்கச் சட்டம் கிடையாது. விதிவிலக்காக மதிக்கப்படுவது பால்மோரல் என்ற சாம்பல் நிற டார்டன். விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் வடிவமைத்தது. அதை அரச குடும்பத்துக்கு விட்டுவிடுவது வழக்கம், வாடகைக் கடையில் கிடைக்கவும் செய்யாது. சட்டம் அனுமதித்தாலும் ஒரு குலத்தின் டார்டனைக் கட்டினால் சிக்கல் வேறு விதம். ஸ்காட்லாந்தில் கில்ட்டைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வியே ‘அது எந்த டார்டன்?’ என்பதுதான். ‘மெக்கன்சி’ என்றால் அடுத்த கேள்வி ‘ஓ, உங்கள் அம்மா வழியிலா?’ என்று வரும், பாவம், நல்லெண்ணத்தோடுதான். ‘கடையில் இதுதான் இருந்தது’ என்று எத்தனை பேரிடம் சொல்வீர்கள்? அதனால் பொது டார்டன்களில் ஒன்றை எடுங்கள். பிளாக் வாட்ச் கரும்பச்சையும் நீலமுமாக அடக்கமானது, நம் நிறத்துக்கு எடுப்பானது. அந்தப் பெயரில் 1739இலிருந்து ஒரு படைப்பிரிவு இருந்தது. காம்பெல் குலத்தின் டார்டனும் கிட்டத்தட்ட அதே கட்டம்தான், அதனால் கிளென்கோ பள்ளத்தாக்குப் பக்கம் போனால் யாராவது ஒரு மெக்டொனால்டு கண்ணடித்து ஏதாவது சொல்லக்கூடும். 1692இல் காம்பெல் ஒருவர் தலைமையில் வந்த படையினர் அங்கே மெக்டொனால்டுகளைக் கொன்ற படுகொலையை இன்னும் ஜோக்காகவாவது ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ‘காம்பெல்களுக்கு அனுமதியில்லை’ என்று பலகை மாட்டிய விடுதியே அங்கு உண்டு. கேலிடோனியா, ஐல் ஆஃப் ஸ்கை போன்றவையும் யாருக்கும் சொந்தமில்லாதவை. ஸ்கை தீவின் ஊதாவும் பச்சையும் கலந்த அந்த டார்டன் 1990களில்தான் வந்தது. ராயல் ஸ்டூவர்ட் என்ற சிவப்பு டார்டனையும் எல்லோரும் கட்டுகிறார்கள். ஆனால் அது பிஸ்கட் டப்பா, குடை, நாய்ச்சட்டை எல்லாவற்றிலும் இருக்கிறது. எனக்குப் பிடிக்காது.

உங்களுக்கு நான் சொல்வது எடின்பரோ டார்டன். ஊர் டார்டன் என்று ஒரு வகை இருக்கிறது. அந்த ஊரில் வாழ்பவர் கட்ட வேறு தகுதி தேவையில்லை. ‘எந்த டார்டன்?’ என்று கேட்டால் ‘எடின்பரோ, அங்கேதான் இருக்கிறேன்’ என்று சொல்லலாம். பேச்சு உங்கள் தெரு, வாடகை, டிராம் என்று அழகாக நகர்ந்துவிடும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: மாப்பிள்ளையும் தோழர்களும் என்ன டார்டன் என்று முன்பே விசாரித்துவிட்டு அதைத் தவிருங்கள். அவர்களே ‘எங்களோடு நில், இதையே கட்டு’ என்றால் அது பெரிய மரியாதை, மறுக்காதீர்கள். தோளில் ஒரு துணியைப் புரோச்சு குத்தித் தொங்கவிடுவதும் மாப்பிள்ளைக்கானது என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில் விருந்தாளி பட்டுச்சட்டையும் மாலையுமாக வந்து நிற்பாரா?

வாங்கவா, வாடகையா? முதல் தடவை வாடகை. முழு செட் நூறு பவுண்டைச் சுற்றி இருக்கும், கடைக்குக் கடை மாறும். எட்டு கஜத்தில் கையால் தைத்த கம்பளிக் கில்ட் வாங்கினால் பல நூறு பவுண்டு, ஆனால் பேரனுக்கும் வரும். ராயல் மைல் தெருவில் முப்பது நாற்பது பவுண்டுக்குத் தொங்குவது பெரும்பாலும் அக்ரிலிக். கொசுவம் நிற்காது, ஆடினால் குடைபோல் பறக்கும், ஐந்து கஜத்துக்குக் கீழ் துணி இருக்கும். கால்பந்துக்கு ஜெர்சியோடு போட அது போதும். கல்யாணத்துக்குக் கூடாது.

அளவு கொடுக்கும்போது ஜீன்ஸ் அளவைச் சொல்லாதீர்கள். கடையில் நான் பார்த்த தவறுகளில் பாதி இதுதான். கில்ட் நிற்கும் இடம் தொப்புள். தொப்பைக்குக் கீழே அல்ல, தொப்பையின் மேலேயே, தாத்தாக்கள் பேன்ட் போடும் உயரத்தில். அங்கே சுற்றளவு ஜீன்ஸைவிட இரண்டு மூன்று அங்குலம் கூடவே வரும். கீழ்விளிம்பு முழங்கால் சில்லின் நடுவிலோ மேல்நுனியிலோ நிற்க வேண்டும். மண்டியிட்டுப் பாருங்கள், விளிம்பு தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் சரி. நம்மவர்கள் வெட்கத்தில் இறக்கிக் கட்டுவார்கள், முழங்கால் மறைந்துவிடும். அப்போதுதான் அது பாவாடை மாதிரி தெரியும். அந்த வார்த்தையை, சும்மா விளையாட்டுக்குக்கூட, அங்கே சொல்லிவிடாதீர்கள்.

கட்டும் முறை: கொசுவம் பின்னால் (என் வயிற்றெரிச்சல்). தட்டையான இரண்டு பாகங்கள் முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். மேல்பாகத்தின் திறந்த ஓரம், குஞ்சம் விட்டது, உங்கள் வலது பக்கம் இருக்கும். உள்பக்கிள் இடது இடுப்பில், வெளிப்பக்கிள்கள் வலது இடுப்பில். கில்ட் பின் என்ற ஊசியை வலது கீழ்மூலையில் மேல்துண்டில் மட்டும் குத்த வேண்டும். இரண்டு துண்டையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி கிழியும், கடைக்காரர் வைப்புத்தொகையைத் திருப்பித் தர மாட்டார். பாதுகாப்புக்காகக் குத்துகிறேன் என்று எல்லோரும் சொல்வார்கள். எட்டு கஜம் கம்பளி, இரண்டு கிலோ பக்கம் எடை. காற்றுக்கு அசையாது. நம் வேட்டியைவிடப் பத்திரம்.

அடுத்து ஸ்பாரன், முன்னால் தொங்கும் பை. கில்ட்டில் பாக்கெட் கிடையாது என்பதால் அதுதான் உங்கள் மடி. பக்கிளுக்கு நான்கு விரல் கீழே தொங்க வேண்டும். மிகவும் இறக்கினால் நடக்கும்போது இடிக்கக் கூடாத இடத்தில் இடிக்கும். மேலே பிரின்ஸ் சார்லி கோட் என்றால் மாலை விருந்துக்கானது, வில் டை கட்ட வேண்டும். ஆர்கைல் கோட் பகலுக்கும் ஆகும், சாதா டையோடு போடலாம், பிறகும் பயன்படும். உள்ளே வெய்ஸ்ட்கோட் போட்டால் பெல்ட் வேண்டாம். மாப்பிள்ளை கோட்டைக் கழற்றும்வரை நீங்களும் கழற்றாமல் இருப்பது நல்லது. சாக்ஸ் முழங்காலுக்கு மூன்று விரல் கீழே மடிந்து நிற்கும், அதில் தொங்கும் ரிப்பன் காலின் வெளிப்பக்கம் வரும். ஷூவுக்கு நாக்கு இருக்காது, கயிறு மட்டும் நீளமாக இருக்கும். முன்னால் மூன்று நான்கு முறுக்கு, கணுக்காலைச் சுற்றி ஒரு சுற்று, முன்னால் முடிச்சு. கெண்டைக்கால்வரை சுற்றினால் சரித்திர நாடகத்து ரோமானியச் சேவகன்போல் இருக்கும்.

வலது சாக்ஸில் செருகும் சிறு கத்திக்கு ஸ்கியன் டூ என்று பெயர். தேசிய உடையின் பாகமாக வைத்திருந்தால் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் வாடகை செட்டில் பல கடைகள் பிளாஸ்டிக் கத்திதான் தரும். அதுவே போதும். சொந்தமாக நிஜக் கத்தி வாங்கி ஊருக்கு எடுத்துப்போகிறீர்கள் என்றால் கைப்பையில் வைக்காதீர்கள், பெரிய பெட்டியில் போடுங்கள்.

உள்ளே என்ன என்ற கேள்விக்கு வருவோம். ஜட்டி போடுங்கள், கருநிறத்தில். வாடகைக் கில்ட் என்றால் அது உங்கள் விருப்பமே இல்லை, கடையின் விதி. அந்த விதிக்கான காரணத்தை இரண்டு வருடம் பின்னறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் விவரிக்காமல் விடுகிறேன். ‘உண்மையான ஸ்காட்லாந்துக்காரன் ஒன்றும் போட மாட்டான்’ என்பதெல்லாம் படைப்பிரிவுகளிலிருந்து வந்த பெருமைப் பேச்சு. நிஜத்தில் நிறையப் பேர் போடுகிறார்கள். ஆனாலும் உங்களிடம் கேட்பார்கள். ஒரு பாட்டியாவது கேட்பார். பழைய பதில் ஒன்று உண்டு. ‘அணிவது’, ‘தேய்ந்துபோவது’ இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால், ‘கீழே எதுவும் தேயவில்லை, எல்லாம் நல்ல நிலையில்தான் இருக்கிறது’ என்பார்கள். நூறு தடவை கேட்ட ஜோக்குக்கும் அன்றைக்குத்தான் கேட்டதுபோல் சிரிப்பார்கள், நீங்கள் சொன்னால் கூடுதலாகவே சிரிப்பார்கள். ஆனால் யாராவது கையை நீட்டித் தூக்கிப் பார்க்க வந்தால் அது ஜோக் கிடையாது. குடித்த கூட்டத்தில் சில சமயம் நடக்கிறது. கையைத் தட்டிவிட்டு நகருங்கள். சபை நாகரிகம் பார்த்துச் சும்மா இருக்க வேண்டியதில்லை.

உட்காரும்போது பின்கையால் கொசுவத்தைத் தடவிக் கீழே விட்டு உட்காருங்கள், பெண்கள் பாவாடையைச் சரிசெய்துகொள்வதுபோல. முழங்காலைச் சேர்த்துவைத்து, ஸ்பாரனை நடுவில் விடுங்கள். வேட்டியில் திண்ணையில் உட்கார்ந்து பழகியவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மடித்துக் கட்டும் பழக்கத்தை மட்டும் மறந்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு நடனம் இருக்கும். அதற்குப் பெயர் கேய்லி. நம் காதில் கேலி என்றே விழும், முதல் தடவை அழைத்தபோது நான் பயந்தது உண்மை. மேடையில் ஒருவர் அடவுகளைச் சொல்லிக்கொண்டே இருப்பார், சொன்னபடி ஆடினால் போதும். கே கார்டன்ஸ், டாஷிங் ஒயிட் சார்ஜென்ட் எல்லாம் எளிது. ஸ்ட்ரிப் த வில்லோ வரும்போது ஸ்பாரனை இடுப்பின் பக்கவாட்டுக்குத் தள்ளிவிடுங்கள், கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். வரிசையில் ஒவ்வொருவராகப் பிடித்துச் சுழற்றி அடுத்தவரிடம் எறிவார்கள். கில்ட் விரிந்து பறக்கும். ஜட்டி விஷயத்தில் நான் சொன்னதை அப்போது நினைத்துக்கொள்வீர்கள். தவறாக ஆடுவதை யாரும் பொருட்படுத்துவதில்லை, ஆடாமல் ஓரமாக உட்கார்ந்திருப்பதைத்தான் குறையாக எடுத்துக்கொள்வார்கள்.

இனி, உடையை வேஷமாக்கும் சாமான்கள். செம்பட்டைத் தலைமுடி தைத்த டார்டன் தொப்பியைச் சுற்றுலாக் கடையில் விற்பார்கள். கால்பந்து ரசிகர்கள் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொள்ளப் போடுவது. நீங்கள் கல்யாணத்தில் போட்டால் அவர்களைக் கிண்டல் செய்வதாகிவிடும். குலச் சின்னம் பதித்த தொப்பி பேட்ஜும் படைப்பிரிவு பேட்ஜும் வேண்டாம். அவை துணிபோல இல்லை, உண்மையிலேயே ஆட்களுக்கு உரியவை. முகத்தில் நீலச்சாயம் வேண்டாம். ஸ்காட்லாந்து உச்சரிப்பில் பேசிக்காட்டவும் வேண்டாம், எவ்வளவு நன்றாக வந்தாலும்.

உங்கள் மனைவிக்கு: பட்டுப்புடவை. இரண்டாவது யோசனையே வேண்டாம். கில்ட் ஆண்களின் உடை. பெண்கள் டார்டனில் ஒரு மேல்துண்டைத் தோளில் குத்திக்கொள்வது உண்டு, விருப்பமிருந்தால் புடவையின் மேல் அப்படிப் போடலாம், உங்கள் கில்ட்டின் அதே டார்டனில். ஆனால் காஞ்சிப் பட்டு அங்கே இருக்கும்போது டார்டனைப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. கேய்லிக்கு முந்தானையை இடுப்பில் செருகி, நாலு பின் கூடுதலாகக் குத்திக்கொள்ளச் சொல்லுங்கள். உங்களுக்கும் கில்ட் வேண்டாம் என்று கடைசியில் தோன்றினால் வேட்டி சட்டையில் போகலாம், மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. அதையும் கொண்டாடுவார்கள். செப்டம்பர் ஸ்டர்லிங் காற்றுக்கு எட்டு முழம் தாங்குமா என்பது வேறு கேள்வி.

கோடையும் செப்டம்பரும் கல்யாணக் காலம், இப்போதே கடைக்குப் போய் அளவு கொடுத்துவிடுங்கள். வியாழக்கிழமையே செட்டை வாங்கி, வீட்டில் ஒரு தடவை முழுக்கக் கட்டி, படியேறி இறங்கிப் பாருங்கள். திங்கட்கிழமை திருப்பித் தரும்போது ஸ்பாரனுக்குள் கை விட்டுத் துழாவிவிட்டுக் கொடுங்கள். நான் இருந்த இரண்டு வருடத்தில் அதிலிருந்து எடுத்தவை கார் சாவிகள், பல்செட் ஒன்று, பாதி சாப்பிட்ட சாசேஜ் ரோல், அப்புறம் ஒரு தடவை, மாப்பிள்ளைத் தோழன் கொண்டுவர மறந்துவிட்டான் என்று எல்லோரும் திட்டித் தீர்த்த கல்யாண மோதிரம்.